கீழ்வரிக் குரல்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட பேச்சின் எழுத்து வடிவம்)



இத்தொடரிலே நாம் பெரும்பாலும் நூல்களைப் பற்றியே பேசி வருகின்றோம். இன்று நான் எடுத்துக்கொண்டதும் ஒருவகை நூல்தான். ஆயின், அதனை வாசிப்பதற்கு எழுத்தறிவு மட்டும் போதாது, இசையறிவும் வேண்டும். நம் காலத்து இசையமைப்பாளர்கள் பாடகர் குழுக்களுக்காகவும் வாத்தியங்களுக்காகவும் எழுதி அச்சிடுகின்ற இசைத்தாள்களையே குறிப்பிடுகின்றேன். இவற்றைப் பற்றிப் பேச ஒரு தமிழாசிரியனுக்கு என்ன உரித்து உண்டு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எனக்குள்ள உரித்து ஒன்றே ஒன்றுதான்: என்னுடைய சோம்பலினால் ஒரு பாட்டின் பாதி அழிந்து போயிற்று. அதை எழுதிவைக்க வேண்டியவனாக இருந்தவன் நான்.

1995ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்திலே பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கல்லூரியின் பரிசளிப்பு விழாவுக்கென்று தமிழாசிரியர் ஒருவர் நாமகள் வணக்கம் ஒன்று இயற்றினார். பல்லவி, அனுபல்லவி, மூன்று சரணங்கள். அதற்கு மெட்டமைத்தவர் எங்கள் சங்கீத ஆசிரியர். அவர் முறையாகக் கர்நாடக இசை பயின்றவர். ஆனால் சிறுவயதில் தேவாலயமொன்றின் அயலிலே வளர்ந்தவராகையால், பல குரல்கள் ஒரே வேளையில் வெவ்வேறு சுரங்களைப் பாடும் அழகு அவர் காதில் ஏறியிருந்தது. எனவே, அந்த வணக்கப் பாடலை இரு வரிசையாக அமைத்தார். முன்வரிசை மாணவர் மெட்டைப் பாடுவர். பின்வரிசையில் குரல் உடைந்த நாங்கள், கீழே நீண்ட சில சுரங்களைப் பிடித்துக்கொண்டு நிற்போம். ஒரு வயலின், ஓர் ஆர்மோனியம், ஒரு மிருதங்கம். அவ்வளவுதான் பக்கவாத்தியம்.

அவர் அதனை ஒரு நீல அட்டைக் கொப்பியிலே எழுதியிருந்தார். மேல்வரியில் மெட்டின் சுரங்கள். நேர் கீழே இரண்டாம் குரலின் சுரங்கள். அதற்கும் கீழே பாட்டின் சொற்கள். முதற் சரணம் வரையில் எங்களுக்குப் பாடமாயிற்று. மற்ற இரு சரணங்களுக்கும் வேறு மெட்டு வைத்திருப்பதாகச் சொன்னார். என் கையெழுத்து வடிவானது என்பதால் ஒருநாள் அந்தக் கொப்பியை என்னிடம் தந்து, “தம்பி, பின்வரிசைப் பிள்ளையளுக்கு இதைப் பாத்து நாலு பிரதி எழுதித் தா” என்றார். நான் இரண்டு கிழமை வைத்திருந்தேன். எழுதவில்லை. பின்னர் ஏதோ திருத்த வேண்டுமென்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். “நாளைக்கு எழுதித் தாறன் சேர்” என்றேன். அது ஒக்டோபர் மாதம். அம்மாதம் 30ஆம் திகதி இரவு, ஊர் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. நாங்களும் நடந்தோம். கொப்பி எங்கே போயிற்று என்று எவருக்கும் தெரியாது. ஆசிரியர் வன்னிக்குச் சென்றார். சில ஆண்டுகளின் பின் அங்கேயே காலமானார்.

நேயர்களே, இதன்பின் எனக்கு எஞ்சியது ஒரு விசித்திரமான செல்வம். பாட்டின் மெட்டு எனக்கு ஒழுங்காக நினைவில்லை. பின்வரிசைக்காரனின் கீழ்க்குரல் மட்டும் மறக்கவில்லை. எப்போதாவது வேலையாக இருக்கும்போது அதனை முணுமுணுப்பேன். “இதென்ன பாட்டப்பா, தூணைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற மாதிரி?” என்று என் மனைவி சிரிப்பார். அவர் சொன்னது சரிதான். மேலே இருக்க வேண்டிய கூரை போய்விட்டது; தூண் மாத்திரம் நிற்கிறது.

சென்ற ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு ஜேர்மனியிலிருந்து பழைய வகுப்புத் தோழர் ஒருவர் வந்திருந்தார். அவர் அங்குள்ள ஊர்ப் பாடகர் குழுவொன்றில் பாடுபவர். அவருடைய பையிலிருந்த மெல்லிய ஏடு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ஐந்து கோடுகள் கொண்ட வரிசைகள் நான்கு, ஒன்றின் கீழ் ஒன்றாக. பெண்களின் உயர்குரல், தாழ்குரல், ஆண்களின் உயர்குரல், தாழ்குரல் என நான்கு. நான்கையும் மேலிருந்து கீழாக வெட்டிச் செல்லும் நெடுங்கோடுகள். ஒரு நெடுங்கோட்டில் ஒருவர் எந்தச் சுரத்தில் நிற்கிறார், அதே கணத்தில் மற்ற மூவரும் எங்கே நிற்கின்றனர் என்பதை ஒரே பார்வையில் காணலாம். என் ஆசிரியரின் நீலக் கொப்பியை முப்பது ஆண்டுகளின் பின் மீண்டும் கண்டது போலிருந்தது.

அந்த ஏட்டின் ஆசிரியர் ஆர்வோ பேர்ட். பால்டிக் கடலோரத்தில் உள்ள எஸ்தோனியா என்ற சிறிய நாட்டிலே, 1935இல் பைதே என்னும் ஊரில் பிறந்தவர். இளமையில் எஸ்தோனிய வானொலியில் ஒலிப்பதிவுப் பொறியியலாளராகப் பணிபுரிந்தவர் என்பது வானொலி நேயர்களாகிய நமக்கு ஓர் உறவுச் செய்தி. அப்போது அந்நாடு சோவியத் ஒன்றியத்துள் இருந்தது. 1968இல் பியானோ, பாடகர் குழு, வாத்தியக் குழு ஆகியவற்றுக்காக அவர் எழுதிய ‘கிரேடோ’ என்னும் படைப்பு தாலின் நகரில் அரங்கேறிற்று. ‘நம்புகிறேன்’ என்பது அந்த இலத்தீன் சொல்லின் பொருள். எதை நம்புகிறாய் என்று அரசு கேட்கக்கூடிய காலம் அது. அப்படைப்பை மீண்டும் இசைக்க இடமளிக்கப்படவில்லை.

அதன் பின்னர் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள், ஓரிரு படைப்புகளைத் தவிர, பேர்ட் மௌனமாக இருந்தார். அந்த மௌனத்திலே அவர் பழைய தேவாலய ஓதல்முறைகளைக் கற்றார். ஒற்றைக் குரலில் ஒரு வரி எவ்வாறு நடக்கிறது என்பதைக் குழந்தை அரிச்சுவடி பழகுவது போலப் பழகினார். 1976இல் பியானோவுக்காக மிகச் சிறிய ஒரு படைப்பு வெளிவந்தது. தாயகத்தை விட்டு வெளிநாடு சென்ற ஓர் இளம்பெண்ணின் பெயரால் ‘ஆலினாவுக்காக’ என்று அதற்குத் தலைப்பிட்டார். நம்மவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதிலே அவர் கண்ட முறைக்கு மணியொலி என்று பொருள்படும் ஓர் இலத்தீன் பெயரை இட்டார். முறை மிக எளிது. இரண்டு குரல்கள். ஒரு குரல் படிப்படியாக, அடுத்தடுத்த சுரத்துக்கு நடந்து செல்லும். மற்றக் குரல், கோவில் மணி போல, மூன்றே மூன்று சுரங்களுக்குள் நின்று ஒலிக்கும். நடக்கும் குரல் வழிதவறக் கூடும். நிற்கும் குரல் ஒருபோதும் தவறாது. ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் இங்கே இரண்டாவதில்லை, ஒன்றே ஆகின்றது என்று அவருடைய துணைவியார் நோரா இதனை விளக்கியதாகக் கூறுவர். இதைத் தோழர் எனக்கு விளங்கப்படுத்திய போது என் கண் கலங்கிவிட்டது. என் ஆசிரியர் பின்வரிசைக்கு ஏன் அந்தச் சில சுரங்களை மட்டும் தந்தார் என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று. எங்களுக்குப் பாட வராதென்று அவர் ஒதுக்கி வைக்கவில்லை. மணியாக நிற்கும்படி நிறுத்தியிருக்கிறார்.

1980இல் பேர்ட் குடும்பம் நாட்டை விட்டு வெளியேறியது. முதலில் வியன்னா, மறு ஆண்டு பேர்லின். எல்லையோரமான பிரெஸ்ட் புகையிரத நிலையத்தில் காவலர்கள் பெட்டிகளைத் திறந்தனர். உள்ளே இருந்தவை இசைத்தாள்களும் ஒலிப்பதிவுகளுமே. என்னவென்று பார்ப்போம் என்று அவற்றை அங்கேயே ஒலிக்கவிட்டுக் கேட்டார்களாம். அக்காவலர்கள் நட்போடு நடந்துகொண்டனர் என்று தம்பதியர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கின்றனர். வீட்டை விட்டுப் போகும்போது எதை எடுத்துச் செல்வது என்ற கேள்வி நம்மில் பலருக்கும் நேர்ந்த கேள்வி. எங்கள் வீட்டில் அன்று உறுதிப் பத்திரங்களை எடுத்தோம், நகைகளை எடுத்தோம், ஒரு மூட்டை அரிசி எடுத்தோம். அவர் தம் தாள்களை எடுத்தார். அவை வியன்னாவிலுள்ள யுனிவேர்சல் எடிஷன் என்னும் பதிப்பகத்தின் வழியாக உலகெங்கும் பரவின. 2018இல் தாலினுக்கு அண்மையில் லவுலஸ்மா என்னுமிடத்திலே, பைன் மரங்களின் நடுவே, அவருடைய கையெழுத்துப் பிரதிகளைப் பேணும் நிலையம் திறந்துவைக்கப்பட்டது. 2025இல் அவர் தொண்ணூறு வயதை எட்டினார்.

அந்த நாட்டிலே இசைத்தாள் இத்துணை மதிப்புப் பெற்றதற்கு ஒரு வரலாறு உண்டு. 1869இல் தார்த்து நகரிலே முதலாவது பாட்டு விழா நடைபெற்றது. அன்று கலந்துகொண்டோர் எண்ணூற்றுச் சொச்சம் பேர், அனைவரும் ஆண்கள். இன்றோ, ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்ற வழக்கத்தில் தாலினில் நடக்கும் அவ்விழாவில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே மேடையில் நின்று பாடுகின்றனர். பதின்மூன்று இலட்சம் மக்களைக் கொண்ட நாடு அது என்பதை மனத்திற் கொள்ளுங்கள். இத்தனை பேரும் ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள். எனினும், விழாவுக்கு முன்பே பாடல்களின் இசைத்தாள்கள் குழுக்களின் கைக்குக் கிடைத்துவிடும். பழைய பாடல்களோடு, வாழ்ந்துகொண்டிருக்கும் இசையமைப்பாளர்கள் அவ்விழாவுக்கென்றே எழுதிய புதிய பாடல்களும் அதில் இருக்கும். ஊரூராக இருந்து பழகி வருவோர் ஒரே கையசைவில் ஒரே பாட்டைத் தொடங்குவார்கள்.

லீடியா கொய்துலா என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிஞரின் நாட்டுப்பற்றுக் கவிதைக்கு குஸ்தாவ் ஏர்னசாக்ஸ் 1944இல் இசையமைத்தார். 1947 விழாவில் பாடப்பட்ட அப்பாடல், 1950களின் விழாக்களில் இடம்பெறவில்லை. 1960இல் மீண்டும் ஒலித்தது. நிகழ்ச்சி நிரலிலிருந்து ஒரு பாட்டை எடுத்துவிடலாம். வீடுகளில் கிடக்கும் தாள்களிலிருந்தும் நெஞ்சுகளிலிருந்தும் அதை எவ்வாறு எடுப்பது? 1987 தொடக்கம் 1991 வரை அந்நாடு விடுதலையை நோக்கி நடந்த காலத்தை அவர்கள் ‘பாடும் புரட்சி’ என்றே அழைக்கின்றனர்.

இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். வெலியோ தோர்மிஸ். 1930இல் பிறந்து 2017இல் மறைந்தவர். ஐந்நூறுக்கும் மேற்பட்ட சேர்ந்திசைப் பாடல்களை எழுதியவர். அவருடைய ‘இரும்புக்கு இட்ட சாபம்’ 1972இல் எழுதப்பட்டது. பழைய மந்திரப் பாடல் மரபிலிருந்து எழுந்து, ஆயுதங்களைச் செய்யும் மனிதனின் மேல் திரும்பும் அப்படைப்பில் பாடகர் குழுவோடு ஒலிப்பது ஒரே ஒரு தோற்பறை. ‘மறக்கப்பட்ட மக்கள்’ என்ற தொகுதியில் லிவோனியர், வோத்தியர், இசோரியர், வெப்சியர் முதலிய சிறுபான்மை இனத்தவரின் நாட்டுப் பாடல்களைப் பல குரல்களுக்கு அமைத்தார். 1970இல் தொடங்கிய அவ்வேலை முற்றுப்பெற ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. லிவோனிய மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மூதாட்டி 2013இல் கனடாவில் காலமானார். ஆனால் அம்மொழிப் பாடல்களை இன்று வேற்று நாட்டுக் குழுக்களும் தாளைப் பார்த்துப் பாடுகின்றன. பேசுவோரை இழந்த மொழிக்குப் பாடுவோர் இருக்கின்றனர்.

நமது மரபில் இத்தகைய எழுத்து இல்லையா என்று ஒருவர் வினவக்கூடும். உண்டு. எட்டயபுரத்திலே சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’, கமகங்களுக்கும் தனித்தனிக் குறியிட்டு எழுதிய பெருநூல். தாயிசைக்கு மேற்புள்ளி, கீழ்ப்புள்ளி, நீட்டத்துக்குக் காற்புள்ளி என்று எளிதாகவே நாம் எழுதுகிறோம். ஆயினும், நம் இசையின் உயிர் குருவின் வாயிலிருந்து சீடனின் செவிக்குச் செல்வது. ஒரு குரல் பாடும் இசைக்கு அது போதும். இன்னும் சொன்னால், அதுவே சிறந்தது. ஆனால் இரண்டு வரி ஒன்றாக நடக்கும்போது, ஒருவரின் நினைவில் ஒரு வரிதான் நிற்கும். மற்ற வரி வேறொருவரிடம் இருக்கும். அவர்கள் இருவரும் பிரிந்துவிட்டால் பாட்டும் பிரிந்துவிடும். எங்களுக்கு நேர்ந்தது இதுவே.

தோழர் ஊருக்குத் திரும்புமுன் ஒரு யோசனை சொன்னார். “மச்சான், முன்வரிசையில நிண்டவங்கள் எங்கையோ இருப்பாங்கள்தானே? கேட்டுப் பார்” என்றார். ரொறன்ரோவில் ஒருவர், லண்டனில் ஒருவர், பாரிசில் ஒருவர், கொழும்பில் ஒருவர் அகப்பட்டனர். பாட்டின் சொற்கள் கல்லூரிச் சஞ்சிகையில் அச்சாகியிருந்தன. அந்தப் பிரதி கொழும்புக்காரரின் வீட்டிலே கிடைத்தது. நால்வரும் தொலைபேசியில் பாடி அனுப்பினர். பல்லவி நால்வருக்கும் ஒன்றுபோலவே இருந்தது. அனுபல்லவியிலோ நான்கும் நான்கு விதம். ஒவ்வொருவரும் தம்முடையதே சரியென்று சத்தியம் பண்ணினர்.

இந்த இடத்தில்தான் என் தொழில் உதவிற்று. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய காலத்திலே ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களோடு போராடியதை நாம் வகுப்பிலே படிப்பிக்கிறோம். சுவாமி விபுலாநந்தர் 1947இல் வெளியான ‘யாழ்நூ’லிலே, சிலப்பதிகாரச் சொற்களைச் சான்றாக வைத்து, மறைந்துபோன யாழின் இசையையே தேடிச் சென்றதைப் படிப்பிக்கிறோம். நாங்களும் அவ்வாறே ஒப்புநோக்கினோம். எங்கள் கல்லூரியின் இன்றைய சங்கீத ஆசிரியை என்னைக் கீழ்க்குரலைப் பாடச் சொல்லித் தாளம் போட்டார். என் வரியிலே எந்தச் சொல் எத்தனை அட்சரம் நீள்கிறது என்பது பிசகின்றி இருந்தது. இருவரின் மெட்டு ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம் கூடிப்போயிற்று, அவை நீங்கின. மூன்றாமவரின் மெட்டு வந்து நிற்கும் சுரம் என் சட்சத்தோடு உரசிற்று. பாரிஸ்காரரின் மெட்டு மட்டும் என் வரியின் மேல் வந்து அப்படியே அமர்ந்தது. முப்பது ஆண்டுகளாகப் பொருளற்றதென்று நான் எண்ணிய கீழ்வரியே சாட்சியாயிற்று. முதற் சரணமும் அவ்வாறே கிடைத்தது.

மற்ற இரு சரணங்கள் கிடைக்கவில்லை. அவை எவருக்கும் பாடமாகவில்லை. அவை நீலக் கொப்பியில் மட்டுமே இருந்தன. இரண்டு கிழமை என் மேசையில் இருந்தன.

இறுதியாக ஒன்று. தோழர் கொண்டுவந்த அந்த ஏட்டைக் கண்டதும் நான் முதலிற் கேட்டது, “இதைப் போட்டோக் கொப்பி அடிச்சுத் தரட்டோ?” என்பதைத்தான். அவர் மறுத்துவிட்டார். அவர்களுடைய குழுவில் முப்பது பேர் பாடினால் முப்பது தாள்களும் விலைகொடுத்தே வாங்கப்படுமாம். அந்த விலையில் ஒரு பங்குதான் இசையமைப்பாளரின் கைக்குப் போவது. எழுத்தாளன் நூலின் விற்பனையால் வாழ்வது போலத்தான் இதுவும். இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டமும் படைப்பாளியின் வாழ்நாளுக்கும் அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கும் உரிமை வழங்குகின்றது. நாம் பாடசாலைகளிலே ஒரு புத்தகத்தை வாங்கி நூறு பிரதி எடுக்கிறோம். பிள்ளைகளிடம் பணமில்லை என்பது உண்மை. ஆனால் எழுதியவரின் பெயரையாவது அத்தாளில் விட்டுவைக்கிறோமா? எங்கள் ஆசிரியரின் பெயர் அந்தச் சஞ்சிகையில் அச்சாகவே இல்லை. பாட்டை எழுதியவரின் பெயர் இருந்தது. மெட்டமைத்தவரின் பெயர் இல்லை.

தோழர் விடைபெற்றபோது அந்த ஏட்டை எனக்கே தந்துவிட்டுச் சென்றார். 2004 மார்ச் மாதத்தில் மட்ரிட் நகரத்துப் புகையிரதங்களில் குண்டுகள் வெடித்து இரண்டு நாட்களின் பின் பேர்ட் எழுதத் தொடங்கிய அமைதி வேண்டல் அது. நான்கு குரல்களும் மிக மெதுவாக, ஒன்றுக்கொன்று இடம்விட்டு நடப்பதைத் தாளைப் பார்த்தே உணரலாம். ஸ்பெயினில் ஆண்டுதோறும் இறந்தோர் நினைவாக அதனைப் பாடுகிறார்கள்.

இவ்வாண்டு எங்கள் வணக்கப் பாடலையும் ஒரு தாளாக அச்சிட்டோம். இரண்டு வரிச் சுரங்கள், கீழே சொற்கள், தலைப்பின் கீழ் இருவரின் பெயர்கள். அடுத்த இரு சரணங்களின் சொற்களும் அச்சாகியுள்ளன. அவற்றின் மேல் சுரவரிகள் வெறுமையாக இருக்கின்றன. புதிதாக மெட்டமைத்து நிரப்பலாமே என்று ஆசிரியை கேட்டார். வேண்டாம் என்றேன். பரிசளிப்பு விழாவில் பிள்ளைகள் முதற் சரணத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். பின்வரிசையில் நின்ற பையன் ஒருவன் பிறகு என்னிடம் வந்து, “சேர், மிச்சத்துக்கு ஏன் சுரம் இல்லை?” என்று கேட்டான். அவனுக்கு இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். சொல்லி முடித்து, பாரிஸ்காரர் பாடி அனுப்பிய இன்னொரு பழைய பாடலைப் போட்டுக் காட்டி, அதைக் கேட்டுச் சுரப்படுத்தி எழுதித் தரும்படி ஒரு கொப்பியையும் கொடுத்தேன்.

அடுத்த நாட்காலையே எழுதிக்கொண்டு வந்துவிட்டான்.